வேலையை மட்டும் கற்றுக்கொள் என்பவர்களுக்கு

பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கும் மாணவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காத மூத்த மருத்துவர்களைப் பார்ப்பது அரிது. “முதலில் கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தளவு தப்பாமல் இருக்கட்டும். தியேட்டரில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். ஆராய்ச்சி எல்லாம் எம்.டி., எம்.எஸ். படிக்கிறவர்கள் பாடு” என்பார்கள். சமூகப் பணி என்றால் பதில் இன்னும் சுருக்கம்: “ஞாயிற்றுக்கிழமை கேம்ப் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஃபைலில் வைப்பார்கள்.” பெற்றோரும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். நான்கு வருடம் பணம் கட்டிப் படிக்க வைப்பது வேலைக்காக, ஊர் சுற்றுவதற்காக அல்ல என்பது அவர்கள் கணக்கு. கல்லூரிகளோ இரண்டையும் பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கி, மதிப்பெண்ணுக்கான சடங்காக்கிவிட்டன.

இந்தக் கருத்து தவறானது, நோயாளிகளுக்கு ஆபத்தானதும்கூட. தான் செய்த வேலை பலித்ததா என்று போய்ப் பார்க்கத் தெரியாத உதவியாளர், எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பாதி உதவியாளர்தான். பலித்ததா என்று முறையாகப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. அதை நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் சமூகப் பணி. இரண்டையும் கழித்துவிட்டு ‘வேலையை மட்டும் கற்றுக்கொள்’ என்றால், மிஞ்சுவது எழுத்தர் வேலையும் எடுபிடி வேலையும்தான்.

இந்தத் தொழில் எதற்காகப் பிறந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1965-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். அவர்களில் மூவர் 1967-இல் படிப்பை முடித்து வந்தார்கள். ஸ்டெட்டின் கண்முன் இருந்த உதாரணங்களில் ஒருவர், அதே மாநிலத்தின் கார்லண்ட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஏமஸ் ஜான்சன். ஹென்றி லீ ட்ரெட்வெல் என்ற கறுப்பின இளைஞரைத் தன் கையாலேயே பழக்கி உதவியாளராக வைத்திருந்தார் அவர். 1969-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய மெடெக்ஸ் திட்டமும், மருத்துவர் எட்டாத ஊர்களை மனத்தில் வைத்தே உருவானது. மருத்துவர் கிடைக்காத ஊருக்கு மருத்துவத்தைக் கொண்டுபோவதற்காகவே இந்தத் தொழில் உண்டாக்கப்பட்டது. சமூகப் பணி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பவர்களுக்கு அதன் வரலாறு தெரியவில்லை.

நம் நாட்டுக்கு இது வேறு வாசல் வழியாக வந்தது. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தப் படிப்பைத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவில் கிராமத்துக்காகப் பிறந்த தொழில், இங்கே இதய அறுவை அரங்கில் பிறந்தது. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துத் தருவது, நெஞ்சைத் திறந்து மூடும்போது கூட நிற்பது, ஐ.சி.யூ.வில் இரவெல்லாம் விழித்திருப்பது என்று அந்த முதல் தலைமுறையினர் அருமையாக வேலை செய்தார்கள். அந்தத் தேவையும் உண்மையானதே. ஆனால் அந்தப் பிறப்பு ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றால் அரங்கின் இன்னொரு ஜோடிக் கைகள் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். முப்பது வருடம் தாண்டியும் அது போகவில்லை.

அந்த இதய அறுவை அரங்கையே எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் வால்வு மாற்று அறுவையில் நிற்கிறார். மேசையில் இருப்பவர் நாற்பது வயதுப் பெண். சிறுவயதில் நெரிசலான வீட்டில் தொண்டைப்புண் வந்தது. அது ருமாட்டிக் காய்ச்சலாகி மூட்டில் வலியாக வந்து போனது, இதயத்தில் மட்டும் தங்கிவிட்டது. தொண்டைப்புண்ணுக்கு அன்றைக்கே பென்சிலின் போட்டிருந்தால், அல்லது காய்ச்சலுக்குப் பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசியைத் தவறாமல் போட்டுவந்திருந்தால், இந்த அறுவைக்கே வேலை இருந்திருக்காது. மாணவர் பார்ப்பது நோயின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம் ஏதோ ஒரு தெருவில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்து முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தவரை அந்தக் கதை தெரிந்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

அறுவை முடிந்தாலும் கதை முடிவதில்லை. உலோக வால்வு பொருத்தப்பட்டவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மைட்ரல் வால்வு என்றால் ஐ.என்.ஆர். என்ற அளவு பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, ஏறினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு. ஒரே அளவில் நிறுத்த முடியாதபோது, ஒருநாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம் என்று மாற்றி மாற்றி எழுதிக்கொடுப்பது வழக்கம். அந்தக் குறிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் பிசிஷியன் அசிஸ்டென்ட் மாணவர். வாசிக்க வேண்டியவருக்கு ஆங்கிலம் தெரியாது.

விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஆறு மாதம் கழித்து அந்த மாணவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“அக்கா, இந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடறீங்க?”

“டாக்டரு சொன்ன மாதிரிதான் தம்பி. ஒருநாளு ரெண்டு, ஒருநாளு மூணு.”

“நேத்து எது சாப்பிட்டீங்க?”

அவர் மகளைப் பார்க்கிறார். மகள் இரண்டு அட்டைகளையும் எடுத்து எண்ணுகிறாள். இரண்டு மில்லிகிராம் அட்டை தீரும் நிலையில் இருக்கிறது, மூன்று மில்லிகிராம் அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

“மூட்டுவலி, கால்வலின்னு ஏதாவது மாத்திரை போடறீங்களா?”

“அது மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்குவேன். ரெண்டு போட்டாத்தான் நடவுக்குப் போக முடியுது.”

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மாணவரும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார். ஆனால் நடவுக்கும் வலி மாத்திரைக்கும் உள்ள சம்பந்தம் பாடப்புத்தகத்தில் இல்லை. அதை இந்தத் திண்ணையில்தான் படிக்க முடியும். அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் படிப்பின் தரம் தெரியும். தானாக மருந்தளவை மாற்றினால் அவர் போலி மருத்துவர். “சரிக்கா, பாத்துச் சாப்பிடுங்க” என்று எழுந்து வந்தால் வெறும் விருந்தாளி. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மருத்துவருக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லி, ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு நாள் குறித்து, அந்த நாளில் அவர் வந்தாரா என்று பார்த்தால்தான் அவர் பிசிஷியன் அசிஸ்டென்ட்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி தானாகவே எழும். எங்கள் ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றிக்கொண்ட எத்தனை பேருக்கு இப்படி மாத்திரைக் கணக்கு இடிக்கிறது? வரிசையாக வரும் நோயாளிகளிடம் கேட்டு, அட்டையைச் சரிபார்த்து, ஐ.என்.ஆர். அளவோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். பிறகு தமிழில், கிழமை வாரியாக, மாத்திரையின் படத்தோடு ஒரு அட்டை அச்சடித்துக் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் சம்மதம், ஒரு வழிகாட்டி மருத்துவர், ஒரு புள்ளியியல் ஆசிரியர் இருந்தால் போதும். கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். இந்தக் கேள்வியை அறுவை நிபுணர் கேட்கமாட்டார், அவருக்கு அடுத்த கேஸ் காத்திருக்கிறது. முதுநிலை மாணவர் மூன்று மாதத்தில் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார். அந்த சம்மரியை எழுதிய கைக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் உறைக்கும்.

“மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சியில் என்ன தேறும்?” என்பது அடுத்த ஏளனம். இதய அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் நோயாளிக்கு ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கத்தில் இருப்பவர் ஒரு மாணவர். 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மக்லீன், பேராசிரியர் வில்லியம் ஹவலின் ஆய்வகத்தில் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடினார். உறையாமல் தடுக்கும் பொருள்தான் கையில் அகப்பட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை 1869-இல் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸும் அப்போது மாணவர்தான். எல்லா மாணவரும் மக்லீன் ஆகமாட்டார்கள், தெரிந்ததுதான். எம்.டி. ஆய்வேடு எழுதுகிறவர்களில் மட்டும் எத்தனை பேர் ஆகிறார்கள்? பட்டத்தைப் பார்த்து ஆராய்ச்சிக்குத் தகுதி முடிவு செய்பவர்கள், மாணவருக்குப் பக்கத்தில் ஹவல் போன்ற ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. கேள்வி சரியாக இருந்து, மேற்பார்வையும் இருந்தால் மாணவரின் கையும் போதும்.

ஆராய்ச்சியும் வீடு தேடிப் போவதும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் சேத்துப்பட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1956-இல் சென்னையின் அந்தப் பகுதியில்தான் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கையும் ஊட்டமான சாப்பாடும் கட்டாயம் என்று உலகம் நம்பிய காலம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை நெரிசலான வீடுகளிலேயும் வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய அந்த ஆய்வு ஒரு காரணமானது. அந்த முடிவுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணியவர்கள், சிறுநீர் மாதிரி வாங்கிவந்து மருந்து உடம்புக்குள் போனதா என்று பார்க்க உதவியவர்கள். அவர்கள் மாத்திரையை எண்ணாமல் இருந்திருந்தால் சென்னையின் பெயர் மருத்துவ வரலாற்றில் அந்த இடத்தில் இருந்திருக்காது.

இன்றைக்கும் அதே வழிதான் பலன் தருகிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ சில எளிய அளவுகளின் மேல் நிற்கிறது. உயரம், எடை, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றை அளந்து, ஆபத்தானவர்களை உடனே பிரித்தெடுத்து, மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் திட்டம். அளப்பது களப்பணியாளர், முடிவெடுப்பது மருத்துவர். எல்லை எங்கே என்று இருவருக்கும் தெளிவாகத் தெரியும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பெண்களை நம்பும் அமைப்பு, நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் படிக்கும் பிள்ளைகளை மட்டும் ஊருக்குள் விடத் தயங்குவது விசித்திரம்.

தயங்குபவர்களிடம் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதார சேவையாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் கொடுக்க வழிசெய்தபோது, மருத்துவர்கள் வீதிக்கு வந்தார்கள். சட்டமே போலிகளை உருவாக்கும் என்றார்கள். இங்கிலாந்திலிருந்தும் ஆதாரம் காட்டுகிறார்கள். தங்களைப் பார்த்தவர் மருத்துவர் அல்ல என்று நோயாளிகளுக்கே தெரியாமல் போன சம்பவங்கள் அங்கே பெரிய சர்ச்சையாகின. பேராசிரியர் கில்லியன் லெங் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, ‘பிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரை ‘அசிஸ்டென்ட்’ என்று மாற்றச் சொன்னது. நோய் இன்னதென்று கண்டறியப்படாதவர்களை, தெளிவான வரைமுறை இல்லாமல் அவர்கள் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது.

இந்த அறிக்கையை நானும் சாட்சிக்கு அழைக்கிறேன். அது கண்டித்தது உதவியாளரை மருத்துவரின் நாற்காலியில் உட்கார வைத்ததை. ஆள் பற்றாக்குறையை மலிவாக அடைப்பதற்காக எல்லையை அழித்தது நிர்வாகம். எல்லையை மதிக்கும் பழக்கத்தை எங்கே கற்றுக்கொடுப்பது? ‘சொன்னதைச் செய்’ என்று மட்டும் பழக்கப்பட்டவருக்குத் தன் அறிவு எங்கே முடிகிறது என்று தெரியவே வாய்ப்பில்லை, ஏனென்றால் அதை அவர் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆராய்ச்சி ஒரு மாணவருக்கு முதலில் கற்றுத்தருவது, தான் நினைத்தது தவறாக இருக்கலாம் என்பதைத்தான். வெளியிலிருந்து ஒரு கணக்கு வந்து, “நீ எழுதிக்கொடுத்த அறிவுரை பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை” என்று சொல்லும்போது வரும் அடக்கத்தை எந்த வகுப்பறையும் தந்துவிடாது. போலி மருத்துவர் யாரும் தன் நோயாளிகள் பிழைத்தார்களா என்று கணக்கெடுப்பதில்லை. அந்தக் கணக்கை எடுக்கப் பழகிய மாணவரைப் பார்த்துத்தான் போலி உருவாகும் என்று பயப்படுகிறோம்.

எதிர்த்தரப்பின் இன்னொரு குற்றச்சாட்டை மறுக்காமலே ஒப்புக்கொள்கிறேன். இன்று ஆராய்ச்சி, சேவை என்ற பெயரில் நடப்பதில் பாதி கேலிக்கூத்து. வாட்ஸாப் குழுவில் கூகுள் ஃபார்மைத் தட்டிவிட்டு, நூறு நண்பர்கள் டிக் அடித்ததை ‘விழிப்புணர்வு ஆய்வு’ என்று எழுதுகிறார்கள். பணம் கட்டினால் வாரத்தில் அச்சிடும் இதழ்களில் அதைப் போடுகிறார்கள். கேம்ப் என்றால் ஃப்ளெக்ஸ் பேனர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பி.பி. கருவி, குரூப் போட்டோ. ரத்த அழுத்தம் 180 என்று தெரிந்த பெரியவருக்கு “ஆஸ்பத்திரிக்குப் போங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வேன் ஏறிவிடுகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், யாரைப் பார்ப்பது என்று சீட்டு கிடையாது. போனாரா என்று கேட்க ஆளும் கிடையாது. அளந்துவிட்டு அம்போ என்று விடுவதைவிட அளக்காமலே இருப்பது மேல். ஏழைகளின் கையைப் பயிற்சிப் பொருளாக்குகிறார்கள் என்று யாராவது சொன்னால், இந்த மாதிரி கேம்ப்புகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான்.

அதற்காக இரண்டையும் எடுத்துவிடு என்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை. இந்தக் கேலிக்கூத்து எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சியையும் சேவையையும் அலங்காரம் என்று முடிவுகட்டிய அதே மனோபாவத்திலிருந்துதான். முக்கியமில்லை என்று நினைக்கிற ஒன்றுக்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள், வழிகாட்டி தரமாட்டார்கள், முடிவைப் படித்துப் பார்க்கவும் மாட்டார்கள். பிறகு அது கெட்டுப்போனதைக் காட்டி, பார்த்தீர்களா, முக்கியமில்லை என்பார்கள்.

நேரம் இல்லை என்ற வாதத்தையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். யாருடைய நேரம் இல்லை? இன்டர்ன்ஷிப் வருடத்தில் பல தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பிள்ளைகள் காப்பீட்டுத் திட்டத்துக்கான படிவம் நிரப்புகிறார்கள், ஸ்கேன் பிலிமைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறார்கள், சம்மரி தட்டச்சு செய்கிறார்கள். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. வாரத்தில் ஒரு பிற்பகல் நோயாளியின் வீட்டுக்குப் போய்வர மட்டும் நேரம் இல்லை. ‘வேலையை மட்டும் கற்றுக்கொள்’ என்ற அறிவுரையில் கற்பவரின் நலனைவிட, சம்பளம் கேட்காத இரண்டு கைகள் கிடைக்கும் மருத்துவமனையின் நலன் அதிகம் இருக்கிறது. பெற்றோர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் கவலை என்றால், படிவம் நிரப்பும் வேலையைக் கணினி முதலில் பறிக்கும். நோயாளி ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவரின் வேலையை அவ்வளவு எளிதில் யாரும் பறிக்க முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பின்தொடரும் பட்டியல் இல்லாமல் எந்த கேம்ப்பும் போடக் கூடாது. அழுத்தமோ சர்க்கரையோ கூடுதலாக இருந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்த பிறகுதான் மாணவருக்கு மதிப்பெண். ஊருக்குள் போகும்போது, தான் மருத்துவர் அல்ல என்பதைத் தமிழில் எழுதிய அடையாள அட்டை சட்டையில் இருக்க வேண்டும். ஆய்வு என்றால் தன் வார்டிலேயே, தன் கையால் நடக்கும் வேலையைப் பற்றியே இருக்கட்டும். முடிவு முதலில் அந்த வார்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும், இதழெல்லாம் பிறகு. வழிகாட்டியாகக் கையெழுத்துப் போடும் மருத்துவர் அந்த முடிவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கென்று 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையைப் போல ஒன்றை இவர்களுக்கும் ஏற்படுத்த வேண்டும். 2021-இல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் இந்தத் தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, பாடவேளையிலும் இடம் வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று இன்னமும் சொல்லும் துறைத் தலைவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டிலிருந்து சென்ற மாதம் வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்கள் சொன்னபடி சாப்பிடுகிறார்கள்? விடை தெரிந்தால் மாணவர்களைத் தியேட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு வரும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் கற்க வேண்டிய வேலை என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதில் அதுதான் முதல் வேலை.